தப்பாக விழுந்த தையலைத் தேடி

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தாராவி 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் ரெடிமேட் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் சைக்கிளில் இட்லி விற்றவர். வாயில் எந்நேரமும் புகையிலை. போன வருஷம் இடது கன்னத்தில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். எட்டே மாதத்தில் கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. இனி ஆபரேஷனுக்கு வழியில்லை என்கிறார்கள். 9 கிலோ இளைத்துவிட்டார். டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்ததில் மருந்துக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று வந்தது. எம்.எஸ்சி. படிக்கிற தங்கை, ஆர்.என்.ஏ.வில் வரும் மாற்றங்களை வைத்துப் புற்றுநோயில் மட்டுமே இருக்கிற இலக்கைக் கண்டுபிடிக்கலாம், அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி கொடுக்கலாம் என்கிறாள். ஒரு கம்பெனியில் விசாரித்தோம். இரண்டரை லட்சம் கேட்டார்கள். அம்மாவின் வளையலை வைத்துக் கட்டிவிடலாமா? டி.என்.ஏ.வில் இல்லாதது ஆர்.என்.ஏ.வில் எப்படி வரும்?

தம்பி, வளையலை அடகுக்கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் தங்கை சொன்ன விஞ்ஞானம் சரி. அந்தக் கம்பெனி சொன்னதிலும் பொய் இருக்காது; இலக்குகளின் பட்டியல் ஒன்றை நிச்சயம் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலுக்கும் அப்பாவின் கையில் ஏறும் மருந்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. பயாப்ஸித் துண்டிலிருந்து டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் பிரித்துப் படிக்கிற வேலை என்னுடையது, பரேல் பக்கத்தில் இருபது வருஷமாக. அதனால் அந்தத் தூரம் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

நீங்கள் கட்டிங் மாஸ்டராக இருப்பது எனக்கு வசதி. ஒரு ஜீனை நீளமான முழுத்துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைக்கு வேண்டிய பாகங்கள் அதில் அங்கங்கே இருக்கின்றன, நடுநடுவே வேண்டாத துணி. செல் முதலில் முழுத்துணியையும் ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுக்கிறது. பிறகு வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டிய பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கிறது. இதற்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். 1977இல் பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1993இல் நோபல் கிடைத்தது. ஒரே துணியில் அரைக்கை, முழுக்கை இரண்டும் தைக்கிற மாதிரி, நம் ஜீன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகத் தைக்கப்படுகின்றன. அதில் நோய் ஒன்றும் இல்லை.

புற்றுச் செல்லில் இந்தத் தையல் கெடுகிறது. ஒரு பாகத்தை விட்டுவிட்டு அடுத்ததில் போய்ச் சேர்க்கும். எறிய வேண்டிய துணியை உள்ளேயே வைத்துத் தைத்துவிடும். ஓரத்தில் நாலைந்து எழுத்துத் தள்ளி வெட்டும். இந்தக் கடைசித் தவறு பார்க்கச் சின்னது, விளைவு பெரியது. புரதம் செய்யும்போது எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுவதால், நாலு எழுத்துத் தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே வேறு வார்த்தைகளாகிவிடும். உடம்பு அதுவரை பார்த்தே இராத புரதத் துண்டு ஒன்று பிறக்கும். அந்த ஜீனின் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தால் பல நேரம் ஒரு கீறல்கூட இருக்காது. பேட்டர்ன் அட்டை சரி, தைத்து வந்த சட்டைதான் தப்பு. உங்கள் டி.என்.ஏ. ரிப்போர்ட் பார்த்தது அட்டையை.

சில நேரம் தையல்காரனே கெட்டுப்போயிருப்பான். எஸ்.எஃப்.3.பி.1 என்ற ஜீன் வெட்டுகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் புரதத்துக்கானது. சில ரத்தக் கோளாறுகளிலும் கண்ணுக்குள் வரும் ஒருவகை மெலனோமாவிலும் (நிறமிச் செல் புற்றுநோய்) அதில் மாற்றம் இருக்கும். அப்போது டி.என்.ஏ. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் வரும், ஆனால் நூற்றுக்கணக்கான ஜீன்களின் தையல் பிசகியிருக்கும். வாய்ப் புற்றுநோயில் இது அரிது. தங்கை கேட்பாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எவ்வளவு பெரிய புதையல் இது? 2018இல் 8,705 நோயாளிகளின் கட்டிகளை அலசிய ஓர் ஆய்வு வந்தது. சில கட்டிகளில் இந்த மாதிரி மாற்றுத் தையல்கள் இயல்பான திசுவைவிட 30% வரை அதிகம். நாங்கள் அதுவரை டி.என்.ஏ. எழுத்துப் பிழைகளை மட்டுமே தோண்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வயலை யாரும் சரியாக உழவில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, உள்ளே தப்பாகத் தைத்தது வெளியில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்லுக்கு எப்படித் தெரியும்? நம் செல் ஒவ்வொன்றும், தான் உள்ளே செய்கிற புரதங்களில் இருந்து சின்னச் சின்ன சாம்பிள் துண்டுகளை வெட்டி வாசலில் மாட்டி வைக்கிறது. எட்டு முதல் பதினொரு அமினோ அமிலம் நீளம், பெரும்பாலும் ஒன்பது. மாட்டுகிற கொக்கிக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல் தெருவோடு போகும்போது ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே போகும். அறிமுகமில்லாத சாம்பிள் தொங்கினால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். ஆகவே நாங்கள் தேடுவது முழுச் சட்டையை இல்லை. தப்பாக விழுந்த தையல் நடுவில் வரும்படி வெட்டப்பட்ட ஒன்பது அமிலத் துண்டு, அதுவும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

இங்கேதான் 'புற்றுநோயில் மட்டும்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். விளம்பரத் தாள்களில் சர்வசாதாரணமாகப் புழங்குகிற வார்த்தை. என் அனுபவத்தில் இந்தத் துறையிலேயே நிரூபிக்க மிகக் கஷ்டமானது அந்த 'மட்டும்'தான்.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு (நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றுவது) 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது குறிவைப்பது சி.டி.19 என்ற புரதத்தை. அந்தப் புரதம் ரத்தப் புற்றுச் செல்லில் மட்டுமா இருக்கிறது? இல்லை, ஆன்டிபாடி செய்யும் நல்ல பி செல்களிலும் இருக்கிறது. அவையும் சேர்ந்து சாகும். ஆனால் பி செல் இல்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொள்ள முடியும், தேவைப்பட்டால் ஆன்டிபாடி ஏற்றலாம். அதனால் அங்கே 'மட்டும்' இல்லாமலே வண்டி ஓடுகிறது. அப்பாவின் நோய் கன்னத்தின் உள்தோலில் தொடங்கியது. அந்தச் செல்லில் தெரியும் முக்கியமான புரதங்கள் மேல்தோலிலும் உணவுக்குழாயிலும் உண்டு. செல்லை வளரத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தைத் தடுக்கும் எர்லோடினிப் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முகமெல்லாம் பரு மாதிரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இலக்கு தோலிலும் இருக்கிறது என்பதற்கு முகத்திலேயே எழுதிய சாட்சி அது. மாத்திரையை நிறுத்தினால் பரு அடங்கும். கொல்லப் பழகிய டி செல்லை உடம்புக்குள் விட்ட பிறகு அப்படி நிறுத்துவது லேசில்லை.

2013இல் வெளியான ஒரு சம்பவத்தை என்னிடம் பயிற்சிக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வேன். மாஜ்-ஏ3 என்ற புற்றுநோய்ப் புரதத்தின் சாம்பிளைப் பிடிக்கும்படி டி செல்லின் ஏற்பியைக் கூர்மையாக்கி அமெரிக்காவில் நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். முதல் இரண்டு பேரும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தார்கள். இதயத்தில் மாஜ்-ஏ3 கிடையாது. ஆனால் இதயத் தசையில் டைட்டின் என்ற பிரமாண்டமான புரதம் இருக்கிறது, அதிலிருந்து வெட்டப்படும் ஒரு சாம்பிள் துண்டு கிட்டத்தட்ட மாஜ்-ஏ3 துண்டு மாதிரியே இருந்திருக்கிறது. முன்கூட்டிச் செய்த ஆய்வக சோதனைகளில் இது தெரியவே இல்லை. துடிக்கிற இதயச் செல்களை வளர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் டி செல் அவற்றையும் கொல்வது தெரிந்தது.

ஆகவே ஒரு தப்புத் தையல் கட்டியில் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். உடம்பில் வேறு எங்கேயும் இல்லையா என்பது மீதிப் பாதி, கஷ்டமான பாதி. இதற்கு நாங்கள் ஒப்பிடுவது ஜிடெக்ஸ் என்ற அமெரிக்கத் தரவுக் களஞ்சியத்தோடு. இறந்துபோன 900க்கும் மேற்பட்டவர்களின் இதயம், மூளை, ஈரல் என்று ஐம்பது சொச்சம் திசுக்களின் ஆர்.என்.ஏ. அதில் இருக்கிறது. அருமையான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் கன்னத்தின் உள்தோல் அதில் இல்லை. உணவுக்குழாயின் உள்தோலை வைத்து ஒப்பேற்றுகிறோம். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். முப்பது வருஷம் புகையிலை அடக்கிய, இன்னும் புற்றாக மாறாத கன்னத்தில் தையல் எப்படி இருக்கும் என்று அதில் தேட முடியாது. ஆறாத புண்ணிலும் இந்த ஆர்.என்.ஏ. தையல் மாறும்.

என் மேசையில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் முதலில் ஆயிரக்கணக்கான புதுத் தையல்களைக் கொட்டும். நல்ல திசுவிலும் இருப்பவற்றைக் கழித்தால் பட்டியல் சுருங்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து கண்ணால் பார்ப்பேன். நூறு, நூற்றைம்பது எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டுகள் செங்கல் அடுக்கிய மாதிரி வரிசையாகத் தெரியும். நாலாம் பாகத்தில் தொடங்கி, ஐந்தைத் தாண்டி, ஆறில் போய் முடிகிற துண்டு எத்தனை என்று எண்ணுவேன். அறுபது எழுபது இருந்தால் நிமிர்ந்து உட்காருவேன். மூன்றே மூன்று, அதுவும் ஓரத்தில் நாலு எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது தையல் இல்லை, மென்பொருள் தப்பாகக் கோத்தது. அதுவும் நீங்கும்.

மிஞ்சியதிலும் எல்லா ஆர்.என்.ஏ.வும் புரதமாகாது. தப்பாகத் தைத்ததைக் கண்டுபிடித்துக் கிழித்துப் போடும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே உண்டு. தப்பிப் பிழைத்துப் புரதமானாலும் அதிலிருந்து வெட்டிய துண்டு அப்பாவின் கொக்கியில் மாட்டுமா என்பது அடுத்தது. ஆளுக்கு ஆள் கொக்கி வேறு. உலகத்து ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஏ02:01 என்ற கொக்கியைச் சுற்றியே நடக்கிறது, ஐரோப்பியரிடம் அதிகம் என்பதால். நம்மவர்களிடம் ஏ11:01, ஏ24:02, ஏ33:03 பரவலாகக் காணப்படும். மாஜ்-ஏ4 என்ற இலக்குக்காக 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி செல் சிகிச்சைகூட ஏ02 வகைக் கொக்கி உள்ளவர்களுக்கு மட்டும்தான். இன்னொரு தலைவலி, வாய்ப் புற்றுநோய்ச் செல்கள் கொக்கியையே கழற்றிவிடுவது உண்டு. வாசலில் கொக்கி இல்லையென்றால் உள்ளே என்ன தைத்தால் என்ன?

உண்மையிலேயே மாட்டியிருக்கிறது என்று சத்தியம் செய்ய ஒரே நேரடி வழி, கொக்கியிலிருந்து துண்டுகளைக் கழுவி எடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் எடை நிறுத்துப் பார்ப்பது. அதற்கு உறைய வைத்த பெரிய துண்டு வேண்டும். உங்களுக்கு இரண்டரை லட்சம் சொன்ன டெஸ்டில் இது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர்கள் தரப்போவது கம்ப்யூட்டரின் ஊகம். ஊகம் ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்னதால் நான் நம்பிக்கை இழந்தவள் என்று நினைக்காதீர்கள். 2025இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு. மூளைக்கட்டியின் பல மூலைகளிலிருந்தும் தனித்தனியே துண்டு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில தப்புத் தையல்கள் கட்டி முழுக்க ஒரே மாதிரி இருந்தன, வேறு வேறு நோயாளிகளிடமும் இருந்தன. அவற்றைப் பிடிக்கும் டி செல் ஏற்பிகளையும் கண்டுபிடித்து, ஆய்வகத்தில் புற்றுச் செல்லைக் கொன்று காட்டினார்கள். இது ஏன் பெரிய விஷயம்? டி.என்.ஏ. எழுத்துப் பிழைகள் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று, ஒரே கட்டிக்குள்ளேயே இடத்துக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனியாக அளவெடுத்துத் தைக்க வேண்டும். பலருக்கும் பொதுவான தப்பு கிடைத்தால் ரெடிமேடாகவே செய்து வைக்கலாம். இந்தியா மாதிரி நாட்டுக்கு மருந்து அப்படித்தான் வந்து சேரும் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த வேலையும் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

தங்கை புற்றுநோய்க்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி பற்றியும் சொல்லியிருப்பாள். மாடர்னாவும் மெர்க்கும் செய்த அந்த ஆய்வில் 157 மெலனோமா நோயாளிகள். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தனியாக வாங்கியவர்களைவிட, அதோடு தடுப்பூசியும் சேர்த்து வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவதோ மரணமோ நேரும் அபாயம் 44% குறைந்தது. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த இலக்குகள் பெரும்பாலும் டி.என்.ஏ. பிழைகளிலிருந்து எடுத்தவை. அதோடு, அவர்கள் எல்லாரும் ஆபரேஷனில் கட்டி முழுக்க எடுக்கப்பட்டவர்கள். அப்பாவின் நிலைமை அதில்லை.

அப்பாவுக்கு என்ன செய்யலாம் என்றால், இம்யூனோதெரபிக்கு இலக்கு தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிவோலுமாப் போன்ற மருந்து டி செல்லின் பிரேக்கை விடுவிக்கிறது. எந்தச் சாம்பிளைப் பிடிப்பது என்பதை டி செல்லே பார்த்துக்கொள்ளும். ஒருவேளை தப்புத் தையல் துண்டையே அது பிடிக்கிறதோ என்னவோ, நமக்குத் தெரிய வேண்டியதில்லை. முழு டோஸ் விலை கேட்டால் மயக்கம் வரும். டாடா மெமோரியல் டாக்டர்கள் வழக்கமான டோஸில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3%. நிவோலுமாப் சேர்த்தவர்களில் 43.4%. முழுக் குணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது கையில் இருக்கிற மருந்து, இந்த ஊரிலேயே சோதித்தது. அப்பாவின் டாக்டரிடம் 'லோ டோஸ் நிவோலுமாப்' என்று சொல்லிக் கேளுங்கள். அவருக்குப் பொருந்துமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பார்த்து, ரேஷன் கார்டோடு மகாராஷ்டிர அரசின் மகாத்மா புலே மருத்துவத் திட்டத்தில் எது எது வரும் என்றும் விசாரியுங்கள்.

ஆர்.என்.ஏ. டெஸ்டே வீண் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஜீன் ஒட்டிக்கொள்ளும் கோளாறை நுரையீரல், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களில் ஆர்.என்.ஏ.வில் பார்த்து, அதற்கென்றே உள்ள மாத்திரையை வாரக் கணக்கில் ஆரம்பித்திருக்கிறார்கள். கன்னத்துப் புற்றுநோயில் அது கிடைப்பது மிக அரிது.

இன்னொன்று, பழைய பயாப்ஸி பிளாக். ஆபரேஷனில் எடுத்ததை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். ஆர்.என்.ஏ. எடுப்பதென்றால் அதிலிருந்துதான் எடுப்பார்கள். ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஊறினால் ஆர்.என்.ஏ. நொறுங்கும். நான் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை கணபதி விசர்ஜன், பிள்ளையார் சிலைகளைக் கரைக்கிற நாள். லால்பாக் பக்கம் ஒரு ஸ்கூட்டர்கூட நகரவில்லை, திங்கட்கிழமை பாதிப் பேர் வரவில்லை, டப்பா அப்படியே கிடந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி நான்தான் மூடியைத் திறந்தேன். துண்டு ரப்பர் மாதிரி விறைத்திருந்தது. 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள ஆர்.என்.ஏ. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் படிக்க லாயக்கில்லை என்பது எங்கள் கணக்கு. இதில் 11தான் இருந்தது. அந்த அம்மாவின் மகனிடம் திருவிழா லீவு என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால் கம்பெனிக்காரரிடம் முதல் கேள்வி, பிளாக்கின் தரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் வாங்குவீர்களா, சரியில்லையென்றால் திருப்பித் தருவீர்களா என்பதாக இருக்கட்டும். அடுத்து, பட்டியல் வந்த பிறகு மருந்து யார் செய்வார்கள், எந்த ஆய்வில் கொடுப்பார்கள், இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ.யில் அதன் பதிவு எண் என்ன? அந்த எண்ணை இணையத்தில் தங்கையே தட்டிப் பார்க்கலாம். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிளாக் உங்கள் அப்பாவுடையது. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். ஆனால் முழுவதையும் ஒரே இடத்தில் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பிறகு ஒரு நல்ல ஆய்வு தொடங்கினால் அதற்குக் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

கடைசியாக, அந்த 9 கிலோ. கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு இரண்டரை லட்சத்தைவிட அதுதான் கவலை. உடம்பு இப்படி இளைத்துக்கொண்டே போனால் எந்த மருந்தையும் ஆரம்பிக்க யோசிப்பார்கள். அப்பாவால் விழுங்க முடிகிறதா, கஞ்சி இறங்குகிறதா, இருமல் வருகிறதா என்று எழுதவில்லை. இந்த வாரமே டயட்டீஷியனிடம் அழைத்துப் போங்கள். மூக்கு வழியாக டியூப் போடலாம் என்று சொன்னால் அப்பா மறுப்பார், இட்லி விற்ற கைக்கு டியூப்பில் சாப்பாடா என்பார். நாலு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பாருங்கள். எடை எவ்வளவு ஏறியது என்று எனக்கு எழுதுங்கள்.